ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு

ஒமாஹா
9 செப்டம்பர் 1984

அன்புத் தம்பி பவோலுக்கு,

அக்கா வெரோனா எழுதுவது. இடுப்பெலும்பைத் தவிர இங்கே மற்ற எல்லா எலும்பும் நலம். உன் ரத்த அழுத்தமும் ட்ரூடியின் கால் வீக்கமும் கட்டுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அப்பா போன பிறகு மூன்று தடவை போனில் பேசினோம். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவை பேசியதை எடுத்தால், "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாய். காகிதத்தில் எழுதியதை அப்படிக் கேட்க முடியாது.

நான் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். திரைச்சீலை தைக்கிற கடையிலும் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் உயிலில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், உன் பிரதி தொலைந்திருக்கலாம்: "வீடு என் மகன் பவோல் ஹுடாக்குக்கு. நிலவறையை மனிதர் வசிக்கத் தகுந்ததாக ஆக்க முடிந்தால், ஆக்கி, அதை என் மகள் வெரோனாவுக்கு ஆயுள் உள்ளவரை கொடுக்க வேண்டும்."

என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

உன் கூடப் பிறந்தவள்,
வெரோனா


டன்ஸ்லோ, பென்சில்வேனியா
20 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். ட்ரூடியின் கால் வீக்கத்தை நீ ஞாபகம் வைத்திருப்பது அவளுக்குச் சந்தோஷம். உன் இடுப்புக்கு எங்கள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

உயில் தொலையவில்லை. நீ கேட்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆலை மூடியதிலிருந்து எனக்கு வேறு என்ன வேலை? சுவருக்குப் பலகை அடித்தாகிவிட்டது. தரைக்கு லினோலியம் விரிப்பு வந்துவிட்டது. மூலையில் மறைப்பில்லாமல் நிற்கும் கக்கூசைச் சுற்றித் தடுப்பு வைத்து, கதவும் போட்டிருக்கிறேன். ராணி மாதிரி இருக்கலாம்.

சீலிங்குக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறேன். கம்பிச் சட்டம் தொங்கவிட்டு அதில் அட்டை டைல்ஸ் வைக்கிற மாதிரி. ஆலை அலுவலகத்தைப் பிரித்தபோது நல்ல டைல்ஸ் கிடைத்தது. ஒன்றிரண்டில் தண்ணீர்க் கறை, அவ்வளவுதான். நான் முப்பத்தொரு வருஷம் உழைத்த ஆலையின் கூரை உன் தலைக்கு மேலே இருக்கும்.

அன்புடன்,
பவோல்


ஒமாஹா
1 அக்டோபர் 1984

தம்பி பவோலுக்கு,

மெழுகுவர்த்திக்கு நன்றி. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். ஜிப்சம் போர்டு அடி. உத்திரங்களுக்கு நடுவே பஞ்சு அடைத்துவிட்டு, அதன் கீழே போர்டை அடித்து, மூட்டுக்குப் பூச்சு பூசி, வெள்ளை அடித்துவிடு. வீடு மாதிரி இருக்கும். கறை படிந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு படுக்க நான் ஆலை குமாஸ்தா இல்லை. பஞ்சு முக்கியம். மேலே நடப்பது, பேசுவது எல்லாம் கீழே கேட்கும். எனக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. கடைசி மாதங்களில் அப்பாவின் கட்டில் வீட்டில் எங்கே கிடந்தது? நீ எழுதவே இல்லை. இப்போது எழுது.

வெரோனா


டன்ஸ்லோ
26 அக்டோபர் 1984

அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

ஜிப்சம் அடிப்பது சுலபம். நாளைக்குக் குழாய் ஒழுகினால்? தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், சூட்டுக் காற்று வருகிற தகரக் குழாய், எல்லாம் அந்த உத்திரங்களுக்கு நடுவேதான் ஓடுகிறது. ஜிப்சம் என்றால் ரம்பம் போட்டு அறுக்க வேண்டும். டைல்ஸ் என்றால் ஒரு விரலால் தூக்கிப் பார்க்கலாம். ட்ரூடி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "தையக்காரிக்கு எல்லாத்தையும் இழுத்து மூடணும். பின்னால ஒழுகுனா யாரு வந்து பிரிப்பா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

மேலே பேசுவது கீழே கேட்காது. தரை கெட்டியான ஓக் பலகை.

அப்பா கடைசி வரை முன்னறையில்தான் இருந்தார். ஜன்னலோரம். ஆறு தெரியும். ட்ரூடி தலை அலங்காரக் கடையை அந்த அறையில் வைத்தது அவர் போன பிறகு.

பவோல்


ஒமாஹா
5 நவம்பர் 1984

பவோலுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உனக்குக் குழாய்தான் கவலை என்றால் சீலிங்கே வேண்டாம். உத்திரம், குழாய், கம்பி எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு பெயிண்ட் அடித்து அப்படியே திறந்து விட்டுவிடு. இங்கே புதுக் கடைகளில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். ஒழுகினால் உடனே தெரியும், விரலைக்கூடத் தூக்க வேண்டாம். செலவும் இல்லை. பேச்சுச் சத்தம் கேட்கட்டும், சகித்துக்கொள்கிறேன். கேட்காது என்றுதான் நீயே எழுதியிருக்கிறாயே.

ஒரே ஒரு கேள்வி. தரையிலிருந்து உத்திரம் வரை உயரம் என்ன? ஃபால்ஸ் சீலிங் போட்டால் என்ன? எண்ணை மட்டும் எழுது. கதை வேண்டாம்.

வெரோனா


டன்ஸ்லோ
14 டிசம்பர் 1984

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே இடுப்பளவு பனி. ட்ரூடி வால்நட் சுருள் ரொட்டி ஏழு சுட்டாள். கோயில் பெண்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முட்டைக்கோஸ் நறுக்கி நறுக்கிக் கை வீங்கிக் கிடக்கிறார்கள்.

திறந்து விட்டால் தூசி கொட்டும். மேல்தரை இடுக்கு வழியே ட்ரூடியின் கடையில் வெட்டுகிற முடி வேறு கீழே வரும். உன் சூப்பில் ஊரார் முடி விழலாமா? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். சீலிங்கை நான் முடிவு செய்துவிட்டேன். சட்டக் கம்பி பாதி தொங்கவிட்டாகிவிட்டது.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அப்பம், நம் ஒப்லாட்கி, அனுப்பவில்லை. போன வருஷம் கவரில் வைத்த அப்பம் தூளாகப் போயிருக்கும் என்று ட்ரூடி சொன்னாள். உங்கள் ஊர்க் கோயிலிலேயே வாங்கித் தேன் தொட்டுச் சாப்பிட்டுக்கொள்.

பவோல்


ஒமாஹா
6 ஜனவரி 1985

பவோலுக்கு,

புத்தாண்டு நல்லபடி விடிந்திருக்கும். எனக்கு விடிந்தது.

நான் கேட்ட எண்ணை நீ எழுதவில்லை. நானே எழுதுகிறேன். பதினாறு வயதில் அம்மாவின் துணி துவைக்கும் மூலைக்கு நான்தான் திரை தைத்தேன். உத்திரத்திலிருந்து தரை வரை ஏழடி மூன்று அங்குலம். நாற்பத்தைந்து வருஷம் அங்குலத்தில் பிழைத்தவள் நான், இதை மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை டன்ஸ்லோ நகராட்சிக்குப் போன் போட்டேன். அவர்களிடம் போனில் பேசலாம், சொன்னதை மாற்ற மாட்டார்கள். ஒரு அறையை வசிக்கத் தகுந்தது என்று ஒப்புக்கொள்ள, தரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஏழடி வேண்டுமாம். அந்தப் பெண் கனிவாகச் சொன்னாள்: "ஒரு அங்குலம் கொறஞ்சாலும் இன்ஸ்பெக்டர் எழுத மாட்டாரும்மா."

இப்போது கணக்குப் பார். ஜிப்சம் ஒன்றரை அங்குலம் தின்னும். ஏழடி ஒன்றரை, தேறும். திறந்த சீலிங் முழு ஏழடி மூன்று, தேறும். ஃபால்ஸ் சீலிங் என்றால் டைல்ஸைத் தூக்கி எடுக்க இடம் விட்டுத் தொங்கவிட வேண்டும், ஐந்து அங்குலம் தின்னும். ஆறடி பத்து. மூன்று வகையில் தேறாத ஒன்றைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய். 'நீ வராதே' என்று ஒரு வரி எழுதத் தைரியமில்லாமல் உன் சம்மட்டியை எழுத வைத்திருக்கிறாய். சட்டத்தைக் கழற்று.

வெரோனா


டன்ஸ்லோ
2 பிப்ரவரி 1985

வெரோனாவுக்கு,

என் ரத்த அழுத்தம் நூற்றெழுபது. உன் கடிதத்தைப் படித்த அன்று அளந்தது.

என் வீட்டு விஷயத்தை எனக்குத் தெரியாமல் நகராட்சியிடம் போய்க் கேட்டாய். பதினெட்டு வயதில் பஸ் ஏறினவள், நாற்பத்து மூன்று வருஷத்தில் எட்டு தடவை வந்தவள், இப்போது என் உத்திரத்துக்கு அளவு சொல்கிறாய்.

டைல்ஸ் போட்டு முடித்தாகிவிட்டது. இன்ஸ்பெக்டரும் வந்து போனார். அவர் கையெழுத்திட்ட சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீதான் காகிதம் கேட்கிறவள் ஆயிற்றே: "உட்கூரை உயரம் ஆறடி பத்து அங்குலம். இந்த நிலவறை மனிதர் வசிக்கத் தகுந்ததல்ல." உயிலில் 'ஆக்க முடிந்தால்' என்றிருக்கிறது. முடியவில்லை. வக்கீலிடம் காட்டினேன். "இனிமே அவங்க ஒண்ணும் கேக்க முடியாது" என்றார்.

நீ எந்த சீலிங் கேட்டிருந்தாலும் ஒன்றுதான், தெரிந்துகொள். ஈரம் சொதசொதவென்று இருக்கும். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ரொட்டித் தட்டு அளவு. குளிர்காலத்தில் சுவர் வேர்க்கும். மனுஷன் படுக்கிற இடமே இல்லை அது. ஒரு நாயைக்கூட நான் அங்கே கட்ட மாட்டேன்.

பவோல் ஹுடாக்


ஒமாஹா
9 பிப்ரவரி 1985

பவோல்,

இதைத்தான் எதிர்பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் சீட்டை அல்ல, உன் கடைசி வரியை.

அப்பா பத்து மாதம் அங்கே படுத்திருந்தார்.

முன்னறை, ஜன்னலோரம், ஆறு தெரியும் என்று எழுதினாய். போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் நீங்கள் அனுப்பிய ஒப்லாட்கி கவரில், அப்பத்துக்கு அடியில், அப்பா ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தார். அப்பம் தூளாக வந்தது, காகிதம் முழுசாக வந்தது. கவரில் விலாசம் எழுதியது ட்ரூடி. தபாலில் போட்டதும் அவள்தான். அப்பா எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன், அவர் எழுதியதும் பேசுகிற மாதிரிதான் இருக்கும்:

"வெரோன்கா, ஏப்ரல்லயே என்னைக் கீழ எறக்கிட்டாங்க. முன்ரூம்ல ட்ரூடி முடி வெட்ற கடை போட்டுட்டா. என் தலைக்கு மேல பொம்பளைங்க காசு குடுத்து உக்காந்து சிரிக்கிறாங்க. எல்லாம் கேக்குது. கரண்டி கீழ விழுந்தாக்கூடக் கேக்குது. நேத்து ராத்திரி ட்ரூடி கேட்டா, 'இன்னும் எத்தன நாளு?' பவோல் சொன்னான், 'டாக்டரு கோடை வரைக்கும்னாரு. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்க.' நான் கோடை வரைக்கும் எல்லாம் இருக்க மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். கத்துனா மேல கேக்காது. மேலருந்து கீழதான் கேக்கும்."

உயிலில் நிலவறை ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா? அந்த இடத்தை மனுஷன் இருக்கிற இடமாக உன் கையாலேயே ஆக்க வைக்கத்தான். அதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லை. நாயைக் கட்ட மாட்டாயாம்.

வெரோனா


டன்ஸ்லோ
3 மார்ச் 1985

வெரோனா,

நலம் விசாரிக்கவில்லை.

ஆமாம், கீழேதான் இருந்தார். ஆலையில் என்னைப் போகச் சொன்ன மாதம்தான் ட்ரூடி கடை போட்டாள். அந்தக் கடை இல்லையென்றால் அப்பாவுக்கு மருந்தும் இல்லை, எனக்குச் சோறும் இல்லை. மாடியில் எங்கள் அறைக்குப் படி ஏற அவரால் முடியாது. அதனால் முன்னறையிலிருந்து என் முதுகில் சுமந்து கீழே இறக்கினேன். "நாப்பது வருஷம் ஆலைலருந்து வந்து இங்கதான குளிச்சுட்டு மேல வருவேன், எனக்குப் பழகின எடம்தான்" என்றார். நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. தினம் இரண்டு வேளை அவர் துணியை அலசினேன், முகம் மழித்தேன். கடைசி வாரம் படியிலேயே உட்கார்ந்து தூங்கினேன். அந்த வார்த்தையை அவர் கேட்டிருக்கிறார் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நீ தெரிய வைத்துவிட்டாய்.

இப்போது நீ எனக்குச் சொல். காகிதம் டிசம்பர் இருபதுவாக்கில் உன் கையில் கிடைத்திருக்கும். அவர் போனது பிப்ரவரி பதினொன்று. நடுவில் ஐம்பது நாள். அப்பன் நிலவறையில் கிடக்கிறார் என்று தெரிந்தும், நீ போன்கூடப் பண்ணவில்லை. அடக்கத்துக்குக் கறுப்பு உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாய். ஏன் வரவில்லை? உனக்குத்தான் எல்லாம் காகிதத்தில் வேண்டுமே, காகிதத்தில் எழுது.

பவோல்


ஒமாஹா
2 ஏப்ரல் 1985

தம்பி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அப்பாவின் காகிதத்தைப் படித்ததும் பஸ் டிக்கெட் எடுத்தேன். பஸ் நிலையம் வரை போனேன். பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். நான் போய் நின்றால் நீ, "சரி, அப்ப நீ கூட்டிட்டுப் போ" என்பாய். நீ சொல்வது நியாயமாகவும் இருக்கும். எனக்கு இருப்பது ஒரு அறை, ஒரு கட்டில், தையல் மெஷின். பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை. கிழவர் புலம்புகிறார், அவ்வளவு மோசமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு ஹோட்டலுக்கு அறுபது ஜன்னலுக்குத் திரை தைத்தேன். பயந்துதான் வரவில்லை பவோல். அவரை நான் சுமக்க வேண்டியிருக்குமே என்று பயம். நீ சுமந்தாய். கேவலமாகச் சுமந்தாய், ஆனாலும் சுமந்தாய்.

நிலவறை வேண்டாம். எதையும் கேட்டு வழக்குப் போட மாட்டேன். இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் ஒரு இடம் இருக்கிறதாம், அறைக்கு மூன்று பேர். நாளை மறுநாள் பார்க்கப் போகிறேன். அங்கே சீலிங் எந்த வகை என்று நான் கேட்கப் போவதில்லை.

உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள். இதை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை.

அக்கா


டன்ஸ்லோ
20 ஏப்ரல் 1985

அக்காவுக்கு,

அழுத்தம் நூற்று நாற்பது. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

கன்னியாஸ்திரிகளிடம் வரவில்லை என்று சொல்லிவிடு. முன்னறையைக் காலி செய்துவிட்டேன். ட்ரூடியின் தலை உலர்த்தும் நாற்காலி இரண்டையும் மாடிக்கு, எங்கள் அறைக்கு ஏற்றிவிட்டேன். கடை இனி அங்கேதான், அவள் கட்டில் மூலையில். என் கட்டில் போட இடமில்லாமல் போய்விட்டது. "கஸ்டமருங்க மாடிப்படி ஏறுவாங்களாய்யா? உனக்குப் பைத்தியம் முத்திப்போச்சு" என்று ஒன்பது நாளாகச் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் விட்டெறிகிறாள். பழகிவிடுவாள், இல்லாவிட்டால் எறிந்துகொண்டே இருப்பாள். உன் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஆறு தெரியும், இந்தத் தடவை பொய் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். வந்து சண்டை போடு, அதற்குத் தபால்தலை வேண்டியதில்லை.

என் கட்டிலைக் கீழே போட்டுக்கொண்டேன். டைல்ஸைக் கழற்றவில்லை. மனுஷன் வசிக்கத் தகுந்ததல்ல என்று நகராட்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. எனக்குத் தகும்.

முன்னறைக்கு நேர் கீழே படுக்கிறேன். அப்பா சொன்னது சரிதான், எல்லாம் கேட்கிறது. என்னைப் பற்றி நீயும் ட்ரூடியும் பேச நிறைய இருக்கும். தாராளமாகப் பேசுங்கள், எனக்காக மெதுவாகப் பேச வேண்டாம்.

பஸ் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுது.

தம்பி பவோல்